எரிபொருள் மானியம் நின்றால் சுமை யார் தலையில் இறங்குகிறது?

பெட்ரோல் விலை ஏறினால் "மானியத்தை நிறுத்திட்டாங்க" என்கிறோம். சிலிண்டர் விலை ஏறினாலும் அதே பேச்சு, ஷேர் ஆட்டோவில் அஞ்சு ரூபாய் கூடக் கேட்டாலும் அதே பேச்சு. வட சென்னையில் தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ ஒரு டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்று கேட்டால் போதும், மூன்று வேறு வேறு விஷயங்கள் இந்த ஒரே பெயரில் ஓடிக்கொண்டிருப்பது தெரியும்: மானியம் நின்றது, வரி ஏறியது, உலகச் சந்தையில் விலை ஏறியது. மூன்றுமே கடைசியில் நம் பையிலிருந்துதான் போகிறது, அது சரி. ஆனால் எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், யாரிடம் போய் எதைக் கேட்பது என்பதும் தெரியாமல் போய்விடும். அதனால்தான் இதை அடியிலிருந்து எழுதுகிறேன். பொருளாதாரம் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில், மானியம் என்றால் என்ன

அம்மா உணவகத்தை எடுத்துக்கொள்வோம். 2013 பிப்ரவரியில் ஆரம்பித்தபோது இட்லி ஒரு ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். ஒரு ரூபாயில் இட்லி செய்ய முடியாது என்பது வீட்டில் மாவு ஆட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அரிசி, உளுந்து, கேஸ், வேலை செய்கிற பெண்களின் சம்பளம் எல்லாம் சேர்த்தால் அதைவிட அதிகம் ஆகும். அந்த மிச்சத்தை மாநகராட்சி கொடுக்கிறது. பொருளின் உண்மையான செலவுக்கும் நாம் கொடுக்கிற விலைக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை அரசு பணம் போட்டு நிரப்பினால், அதுதான் மானியம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அம்மா உணவகத்தில் ஒருவர் எத்தனை இட்லி சாப்பிட்டுவிட முடியும்? நாலு, அஞ்சு, ஆறு. காரில் வருகிறவர் அந்த வரிசையில் வந்து நிற்பதும் அபூர்வம். அதனால் அந்த மானியம் பெரும்பாலும் தேவைப்படுகிறவர் வயிற்றுக்கே போகிறது. டீசல் மானியம் அப்படி இல்லை. யார் அதிகம் ஊற்றுகிறாரோ அவருக்கு அதிக மானியம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பெட்ரோலிலும் டீசலிலும் அந்தப் பள்ளத்தை யார் நிரப்பினார்கள்

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. கச்சா எண்ணெய் என்றால் பூமிக்கடியிலிருந்து எடுத்த, இன்னும் பிரித்துச் சுத்தப்படுத்தாத எண்ணெய். அதை பீப்பாய்க் கணக்கில் டாலரில் விற்பார்கள், ஒரு பீப்பாய் 159 லிட்டர். 2008 ஜூலையில் அது 147 டாலர் வரை போனது. அந்த விலையை அப்படியே பெட்ரோல் பங்கில் வசூலித்தால் நாடு கொந்தளிக்கும் என்பதால், குறைந்த விலைக்கு விற்கச் சொல்லி எண்ணெய் நிறுவனங்களிடம் அரசு சொன்னது.

அப்படி விற்பதால் நிறுவனத்துக்கு வராமல் போன தொகைக்கு அந்தத் துறையில் 'அண்டர் ரெக்கவரி' என்று பெயர். வரவேண்டிய விலைக்கும் வந்த விலைக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். 2012-13 நிதியாண்டில் மட்டும் இது சுமார் 1.6 லட்சம் கோடி ரூபாய், அதில் பாதிக்கு மேல் டீசலால் வந்தது. இதில் ஒரு பங்கை அரசு ரொக்கமாகக் கொடுத்தது, இன்னொரு பங்கை ஓஎன்ஜிசி போன்ற அரசு நிறுவனங்கள் தாங்கின, அதற்கு முந்தைய சில வருஷங்களில் ரொக்கத்துக்குப் பதிலாக எண்ணெய்ப் பத்திரம் என்று ஒரு கடன் சீட்டை எழுதிக் கொடுத்தார்கள். கடன் சீட்டுக்கு வட்டி உண்டு, அசலும் உண்டு. பின்னால் வருகிற வருஷங்களின் வரிப்பணத்திலிருந்துதான் அதை அடைக்க முடியும்.

மானியம் இருந்த காலத்திலும் அந்த விலையை நாம்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். பங்கில் கொடுக்காததை வேறு வழியில் கொடுத்தோம். ஆனால் எல்லோரும் ஒரே அளவில் கொடுக்கவில்லை, எல்லோரும் ஒரே அளவில் அனுபவிக்கவும் இல்லை.

ஒரே நாளில் நிற்கவில்லை

"மானியம் எப்போது நின்றது?" என்று கேட்டால் ஒரே தேதி சொல்ல முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு காலம்.

பெட்ரோல் விலையை 2010 ஜூனில் சந்தையிடம் விட்டுவிட்டார்கள். அதாவது 2010-க்குப் பிறகு விலை ஏறியதற்கு "இப்போதான் மானியத்தை எடுத்தாங்க" என்று யாராவது சொன்னால் அது பிழை.

டீசலில் மெதுவாகப் போனார்கள். 2013 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு சுமார் 50 காசு வீதம் ஏற்ற அனுமதி கொடுத்தார்கள். அதே நேரத்தில் ரயில்வே, அரசுப் போக்குவரத்துக் கழகம் மாதிரி மொத்தமாக வாங்குகிறவர்கள் உடனே முழு விலை கொடுக்க வேண்டும் என்று ஆனது. விளைவு, பல மாநிலங்களின் அரசுப் பேருந்துகள் டிப்போவில் டீசல் போடாமல் சாதாரண பங்குகளுக்கு முன்னால் வரிசையில் நின்றன. மீனவர்களுக்கு டீசல் கொடுக்கிற நிலையங்களும் மொத்தக் கொள்முதல் கணக்கில் மாட்டிக்கொண்டு, கடலோரம் முழுக்க எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் 2014 அக்டோபரில் டீசல் விலையும் முழுசாக சந்தைக்குப் போனது. அந்த நேரம் பார்த்து உலக விலை சரிந்துகொண்டிருந்ததால், மானியம் முடிந்த அன்றைக்கு டீசல் விலை லிட்டருக்கு 3 ரூபாய்க்கு மேல் குறைந்தது. மானியம் நின்றால் விலை கட்டாயம் அன்றைக்கே ஏறும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு நின்றுபோவது விலையேற்றத்திலிருந்து இருந்த பாதுகாப்பு. அடி விழுவது அதற்கப்புறம் சந்தை ஏறும்போது.

ரேஷன் மண்ணெண்ணெயில் 2016 ஜூலையிலிருந்து 25 காசு, 25 காசாக ஏற்றி, 2020 வாக்கில் மானியத்தைத் தீர்த்துவிட்டார்கள். பெரிய தலைப்புச் செய்தியாக இது வரவே இல்லை. ஆனால் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் ஒற்றை அறை வாடகை வீட்டில் பம்பு ஸ்டவ் வைத்துச் சமைத்த குடும்பங்களுக்கும், நடைபாதையில் குடியிருந்தவர்களுக்கும், விலாசச் சான்று இல்லாததால் கேஸ் இணைப்பே வாங்க முடியாதவர்களுக்கும் கிருஷ்ணாயில்தான் அடுப்பு. சத்தமே இல்லாமல் போன மானியம் இது, போனது மிக ஏழைகளிடமிருந்து.

சிலிண்டர் கதை: இருந்தும் இல்லாமல் போனது

வீட்டு சிலிண்டரில்தான் குழப்பம் அதிகம். முன்பெல்லாம் கடையிலேயே குறைந்த விலை. 2014-ஐ ஒட்டி சென்னையில் சுமார் 400 ரூபாய் கொடுத்து 14.2 கிலோ சிலிண்டர் வாங்கினோம். 2015 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க முறை மாறியது. முழு விலையை நீங்கள் கட்ட வேண்டும், மானியத் தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். நேரடி மானியம் என்றால் இதுதான். பொருளின் விலையைக் குறைக்காமல் ஆளின் கையில் பணத்தைக் கொடுப்பது.

2020 மே மாதம் உலக விலை விழுந்ததால் சென்னையில் சிலிண்டர் 569.50 ரூபாய்க்கு வந்தது. சந்தை விலையே இறங்கிவிட்டதே, அப்புறம் மானியம் எதற்கு என்று கணக்கில் வருகிற பணம் நின்றது, அல்லது பெயருக்கு ஒரு சில்லறைத் தொகையாகச் சுருங்கியது. அன்றைக்கு யாருக்கும் வலிக்கவில்லை. அதற்கப்புறம் விலை ஏறிக்கொண்டே போய் 2022 ஜூலையில் 1,068.50 ரூபாய் ஆனது, ஆனால் மானியம் திரும்பி வரவில்லை. இரண்டே வருஷத்தில் ஒரு சிலிண்டருக்கு 499 ரூபாய் அதிகம். வருஷத்துக்கு எட்டு சிலிண்டர் செலவாகிற வீட்டுக்கு ஏறத்தாழ 4,000 ரூபாய். "மானியத்தை ரத்து செய்கிறோம்" என்று ஒரு அறிவிப்புகூட வராமல் மானியம் போனது இப்படித்தான், விலை தாழ்ந்திருந்த நேரத்தில் ஓசையில்லாமல்.

விலை இன்னும் கொஞ்சம் ஏறிய பிறகு, 2023 ஆகஸ்டில் 200 ரூபாயும் 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றி சென்னையில் 868.50 ஆனது. இந்தக் குறைப்புகள் வீட்டு சிலிண்டர் வைத்திருக்கிற எல்லோருக்கும் பொதுவானவை. வங்கிக்கு வருகிற நேரடி மானியம், ஏழைக் குடும்பங்களுக்கு கேஸ் இணைப்பு கொடுக்கிற உஜ்வாலா திட்டத்தில் இணைப்பு வாங்கிய பெண்களுக்கு மட்டும்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: பெட்ரோலுக்கு 2010, டீசலுக்கு 2014, மண்ணெண்ணெய்க்கும் பெரும்பாலான வீட்டு சிலிண்டர்களுக்கும் 2020. நான்கு பொருள், மூன்று காலம், மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

"மணலியிலேயே ஆலை இருக்கே, நமக்கு ஏன் இந்த விலை?"

வட சென்னைக்காரர்கள் நியாயமாகக் கேட்கிற கேள்வி இது. 1969 முதல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை ஓடுகிறது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிற கச்சா எண்ணெய் நம் வீடுகளுக்கு அடியில் புதைத்த குழாயில்தான் அங்கே போகிறது. தண்டையார்பேட்டையில் எண்ணெய் நிறுவனங்களின் கிடங்குகள், சாலை முழுக்க டேங்கர் லாரிகள், காற்றில் எப்போதும் ஒரு வாடை. இவ்வளவையும் தாங்கிக்கொள்கிற நமக்கு லிட்டருக்கு ரெண்டு ரூபாயாவது குறையக் கூடாதா?

குறையாது, காரணம் விலை போடுகிற முறை. மணலியில் தயாரித்த பெட்ரோலுக்கும், "இதையே வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கியிருந்தால் என்ன விலை ஆகியிருக்கும்?" என்ற கணக்கை ஒட்டித்தான் விலை நிர்ணயம் ஆகிறது. ஆலைக்குப் பக்கத்தில் இருப்பதால் மிச்சமாவது லாரி வாடகை மட்டும், அது லிட்டருக்குச் சில காசுகளில் அடங்கிவிடும். நம் தெருவில் புகை விடுகிற ஆலையின் பெட்ரோல் நமக்கு உலக விலையில்தான் கிடைக்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் இதை மானியத்தின் கணக்கில் சேர்க்க முடியாது.

மானியம் போன இடத்தில் வரி வந்தது

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. 2021 ஜூலை தொடக்கத்தில் சென்னையில் பெட்ரோல் முதல் முறையாக 100 ரூபாயைத் தாண்டியது. அன்றைக்குக் கச்சா எண்ணெய் பீப்பாய் சுமார் 75 டாலர். 2013-இல் கச்சா எண்ணெய் 100 டாலருக்கு மேல் இருந்த மாதங்களில் சென்னையில் பெட்ரோல் எழுபதுகளில் கிடைத்தது. அப்போதே பெட்ரோலுக்கு மானியம் கிடையாது, இப்போதும் கிடையாது. கச்சா எண்ணெய் குறைந்திருக்கும்போது பெட்ரோல் மட்டும் எப்படி ஏறியது?

ஒரு காரணம் ரூபாயின் மதிப்பு விழுந்தது. அதைவிடப் பெரிய காரணம் கலால் வரி, அதாவது பொருள் ஆலையை விட்டு வெளியே வரும்போது மத்திய அரசு போடுகிற வரி. 2014-இல் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9.48 ரூபாயாக இருந்தது, 2021 ஜூலையில் 32.90 ரூபாய். டீசலுக்கு 3.56 ரூபாயிலிருந்து 31.80 ரூபாய். உலக விலை பெரிதாகச் சரிந்த காலங்களில் அந்த இறக்கத்தின் பெரும்பகுதியை நமக்கு விடாமல் வரியாக எடுத்துக்கொண்டார்கள். 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் நடுவில் மட்டும் ஒன்பது தடவை ஏற்றினார்கள், 2020-இல் கொரோனா நேரத்தில் மறுபடியும் பெரிய அளவில். பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் கொஞ்சம் குறைத்தார்கள்.

இதற்கு மேல் மாநில வரி. தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11.52 ரூபாய். 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்த பிறகு வந்த கணக்கு இது. பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் இல்லாததால் இரண்டு அரசுகளும் தனித்தனியாக வரி போட முடிகிறது.

அதனால் "மானியம் நின்றதால் விலை ஏறியது" என்பதைவிட, "மானியம் என்ற கதவைத் திறந்துவிட்டபின் அதன் வழியாக வரி உள்ளே வந்தது" என்று சொல்வதுதான் பெட்ரோல், டீசலுக்குச் சரி. மானியம் கொடுத்த காலத்தில் ஏற்ற முடியாத வரியை, விலை தினமும் தானாக மாறுகிற காலத்தில் ஏற்றுவது சுலபம். 2017 ஜூனிலிருந்து தினசரி விலை மாற்றம் வந்தபின், காலை ஆறு மணிக்கு இருபது காசு முப்பது காசு ஏறினால் யார் போய்ப் போராடுவது?

சுமை எப்படி இடம் மாறுகிறது

ஏற்றத்தின் பாதிப்பு இரண்டு வழியாக வரும். நேரடிப் பாதிப்பு என்பது நீங்களே வாங்குகிற எரிபொருளில் தெரிவது. எண்ணூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு பைக்கில் போகிறவர் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் போடுகிறார் என்றால், பத்து ரூபாய் ஏறும்போது மாதம் 25 வேலை நாளுக்கு 250 ரூபாய். கணக்கு தெளிவாகத் தெரிகிறது, கோபமும் உடனே வருகிறது.

மறைமுகப் பாதிப்பு என்பது பைக்கே இல்லாதவருக்கும் வருவது. கோயம்பேட்டுக்கு வருகிற தக்காளி லாரியில், துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லரில், ஐஸ் ஏற்றி வருகிற வண்டியில் எல்லாம் டீசல் இருக்கிறது. அந்தச் செலவு ஒவ்வொரு கையாகத் தாண்டி வந்து கடைசியில் விலையாக நிற்கிறது. இதில் முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்றுதான், மானியத்தைப் பற்றிய மொத்தப் பேச்சிலும் இதைத்தான் நாம் கேட்காமல் விடுகிறோம்: தன் தலையில் விழுந்ததை அடுத்தவர் தலைக்குத் தள்ளிவிட யாரால் முடியும், யாரால் முடியாது?

பெரிய சரக்கு நிறுவனத்தால் முடியும். டீசல் இவ்வளவு ஏறினால் வாடகையும் இவ்வளவு ஏறும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு டிரெய்லரைக் கடனில் வாங்கி ஓட்டுகிறவரால் அது கஷ்டம். துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்காக நின்று நின்று நகர்கிற வரிசையில் எரிகிற டீசலுக்கு அவருக்கு யாரும் தனியாகக் காசு தருவதில்லை.

ஆட்டோவுக்கு 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அதற்கப்புறம் பெட்ரோல் நூறைத் தாண்டியபோதும் அரசுக் கட்டணம் அதே இடத்தில் நின்றது. அதனால் மீட்டர் செத்துப்போய், பேரம் வந்தது. இதில் ஆட்டோக்காரரும் சவாரியும் ஒருவரை ஒருவர் திருடன் என்று திட்டிக்கொள்கிறார்கள், கட்டணத்தைத் திருத்தாமல் விட்டவர்கள் அந்தச் சண்டையில் கண்ணுக்கே தெரிவதில்லை.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் தள்ளிவிட முடியாதவர் யார் என்பது அங்கே பளிச்சென்று தெரியும். விசைப்படகு பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போகிறது. திரும்பி வந்து மீனை ஏலத்தில் விற்கிறது. ஏலத்தில் விலையைச் சொல்வது வாங்க வந்தவர், டீசல் விலை ஏறிவிட்டது என்பதற்காக யாரும் வஞ்சிரத்துக்கு அதிகம் கேட்டுவிட முடியாது. அன்றைக்கு எவ்வளவு மீன் வந்தது, எத்தனை வியாபாரிகள் நிற்கிறார்கள் என்பதுதான் விலை. வந்த பணத்தில் முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தைத்தான் படகு ஓனரும் படகில் போனவர்களும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

ஒரு கணக்கு போடுவோம். மீன் 4 லட்சம் ரூபாய்க்குப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் 2,000 லிட்டர், 90 ரூபாய் வீதம் 1.8 லட்சம். மற்ற செலவு 70,000. மிச்சம் 1.5 லட்சம், அதுதான் பங்கு. இப்போது டீசல் அஞ்சு ரூபாய் ஏறுகிறது, செலவு 10,000 கூடுகிறது, பங்குக்கு 1.4 லட்சம்தான் நிற்கும். டீசல் ஏறியது ஐந்தரை சதவீதம், கடலுக்குப் போனவர் கூலி குறைந்தது ஏழு சதவீதத்தை ஒட்டி. மீன் குறைவாகக் கிடைத்த பயணமாக இருந்தால் இந்த வெட்டு இன்னும் ஆழமாகப் போகும், செலவு அப்படியே நிற்கும், மிச்சம் கரைந்துவிடும். டீசல் ஒரு சொட்டுகூடத் தன் காசில் வாங்காத மனிதருக்குத்தான் சதவீதக் கணக்கில் அதிக அடி.

இதைத் தெரிந்துதான் தமிழ்நாடு அரசு மீனவர்களுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் கொடுக்கிறது. விசைப்படகுக்கு வருஷத்துக்கு 18,000 லிட்டர் என்று இருந்ததை 19,000 ஆக உயர்த்தினார்கள். நாம் போட்ட கணக்குப்படி பார்த்தால் பத்தாவது பயணத்தின் பாதியிலேயே அது தீர்ந்துவிடும். அதற்கப்புறம் முழு விலைதான்.

அங்கிருந்து மீன்பாடி வண்டியில் ஏறி, மார்க்கெட்டில் இறங்கி, கூடையில் தெருவுக்கு வருகிற மீனில் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் சேரும். கூடை சுமந்து விற்கிற அக்கா வாடிக்கை வீட்டில் பத்து ரூபாய் கூடக் கேட்டால் "நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்பார்கள். மீன் நாளை வரை தாங்காது. அதனால் அவர் கேட்க மாட்டார், தன் லாபத்தில் குறைத்துக்கொள்வார்.

காலை டிபன் கடையில் வேறு ஒரு கணக்கு. கடைக்கு வாங்குகிற 19 கிலோ வணிக சிலிண்டருக்கு மானியம் எப்போதுமே கிடையாது, மாதத்தின் முதல் தேதியில் விலை மாறும், 2,000 ரூபாயைத் தாண்டிய மாதங்களும் உண்டு. வீட்டு சிலிண்டரில் செய்கிற குறைப்பு இவர்களைத் தொடுவதே இல்லை. இட்லி விலையை ஒரு ரூபாய் ஏற்றினால் கூலி வேலைக்குப் போகிறவர் நாலு இட்லியில் ஒன்றைக் குறைப்பார். ஏற்றிவிட்டாலோ, சிலிண்டர் விலை இறங்கினாலும் இட்லி விலை இறங்காது. டீ பத்திலிருந்து பன்னிரண்டு, பதினைந்து என்று போனது எங்கேயும் திரும்பி வரவில்லை.

சங்கிலியின் கடைசியில் நிற்பவர் தினக்கூலிக்காரர். தன் உழைப்புக்கு விலை போட அவரால் முடியாது, வாங்குகிற எதற்கும் விலை பேசவும் முடியாது. எல்லோரும் தள்ளிவிட்டது அவரிடம் வந்து நிற்கும்.

அப்படியென்றால் மானியம் தொடர்ந்திருக்க வேண்டுமா

நான் அப்படிச் சொல்லமாட்டேன். 2012-இல் தமிழ்நாட்டில் கடுமையான மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். பெரிய அலுவலகங்களும் வணிக வளாகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் டீசல் ஜெனரேட்டரில் ஏசி ஓட்டின. அந்த டீசலுக்கும் மானியம் இருந்தது. புளியந்தோப்பில் கைவிசிறியோடு உட்கார்ந்திருந்த குடும்பத்துக்கு அதில் ஒரு பைசாகூட இல்லை. பெட்ரோலைவிட டீசல் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் குறைவாக இருந்த அந்த நாட்களில் வசதியானவர்கள் பெரிய டீசல் கார்களாக வாங்கினார்கள். வளரும் நாடுகளில் எரிபொருள் மானியத்தை ஆராய்ந்தவர்கள், வசதியில் மேலே இருக்கிற ஐந்தில் ஒரு பங்கு வீடுகள் கீழே இருக்கிற ஐந்தில் ஒரு பங்கு வீடுகளைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு மானியத்தை வாங்கிக்கொள்வதாகக் கண்டார்கள். அம்மா உணவகத்துக்கும் டீசலுக்கும் உள்ள வித்தியாசம் என்று முதலில் சொன்னது இதுதான்.

ஆக மானியத்தை நிறுத்தியது தப்பு என்பது என் வாதம் இல்லை. நிறுத்தி மிச்சமான பணமும், அதற்கு மேல் போட்ட வரியும், தள்ளிவிட முடியாதவரிடம் திரும்பி வந்ததா என்பதுதான் கேள்வி.

மற்ற நாடுகளில் எப்படிச் செய்தார்கள்

ஈரானில் 2010 டிசம்பரில் எரிபொருள் விலையைப் பல மடங்கு ஏற்றும் முன்பே, குடும்பங்களின் வங்கிக் கணக்கில் பணத்தைப் போட்டு வைத்தார்கள். விலை ஏறிய அன்றைக்கு அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். முதலில் வேலை செய்தது, பின்னால் விலைவாசி ஏறி அந்தத் தொகையின் மதிப்பைத் தின்றுவிட்டது. நைஜீரியாவில் 2023 மே 29 அன்று புதிய அதிபர் பதவியேற்பு உரையிலேயே மானியம் போய்விட்டது என்று அறிவித்தார், சில நாட்களில் பெட்ரோல் விலை இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியது, மக்களுக்கு மாற்று ஏற்பாடு எதுவும் தயாராக இல்லை. இலங்கையில் நடந்தது நமக்கு நன்றாகத் தெரியும். 2022-இல் கையில் டாலர் தீர்ந்துபோனதும், எண்ணெய்க் கப்பலுக்குக் கட்டப் பணமில்லாமல், விலை எவ்வளவு என்ற பேச்சே போய் எண்ணெய் கிடைக்குமா என்ற நிலை வந்தது, கடைசியில் கியூஆர் அட்டை வைத்து வாரக் கணக்கில் பங்கிட்டார்கள்.

நம்மிடம் நடந்ததில் நன்றாக வேலை செய்த ஒன்று பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்கள் இலவசமாகப் போகலாம், அந்தச் செலவை மாநில அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது. இதுவும் மானியம்தான். ஆனால் லிட்டருக்குக் கொடுக்காமல் ஆளுக்குக் கொடுக்கிறது. வீட்டு வேலைக்கும் துணிக்கடைக்கும் போகிற பெண்கள்தான் அந்தப் பேருந்தில் ஏறுகிறார்கள், ஜெனரேட்டர் ஏறுவதில்லை. எண்ணூர் பக்கம் பேருந்துகள் இன்னும் அடிக்கடி வந்தால் இதன் பலன் கூடும், இலவசப் பேருந்துக்காக முக்கால் மணி நேரம் நின்று, கடைசியில் ஷேர் ஆட்டோவில் ஏறுகிற பெண்ணுக்கு அந்த மானியம் வந்து சேரவில்லை.

உங்கள் வீட்டில் பார்க்க வேண்டியது

கேஸ் இணைப்பே இல்லாத ஏழைக் குடும்பத்தில் 18 வயதான பெண் ஒருவர் இருந்தால் உஜ்வாலாவில் விண்ணப்பிக்கலாம். இந்தத் திட்டத்தில் சிலிண்டருக்கு 300 ரூபாய் வங்கிக்கு வருகிறது, 2025-26-க்கு வருஷத்துக்கு ஒன்பது சிலிண்டர் வரை. வேறு ஊரிலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ பிழைக்க வந்து வாடகைக்கு இருப்பவர்கள் ரேஷன் கார்டும் விலாசச் சான்றும் இல்லை என்று திரும்பி வந்துவிடுகிறார்கள். 2021-க்குப் பிறகு அவர்கள் சுய உறுதிமொழி எழுதிக் கொடுத்தாலே போதும். ஏஜென்சியில் "கார்டு இல்லையா, போங்க" என்று சொன்னால் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே இணைப்பு இருந்து பணம் வரவில்லை என்றால், ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு சேர்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய, ஓடாத கணக்கில் பணம் போய் விழுந்துகொண்டிருப்பது நிறைய வீடுகளில் நடக்கிறது.